கடைக்கும் மாடிக்கும் நடுவே

செல்லச் சிட்டுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் ஒரு மாதிரியாக இருக்கிறோம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். உன் அப்பா கடைசியில் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார் என்று நான் அன்றைக்கே சொன்னேன், உன் சித்திதான் சாட்சி, அவள் இல்லை என்பாள், நம்பாதே.

இதயத்தில் அடைப்பு, தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியும் அண்ணன் அசையவில்லை. "பெத்த பிள்ளையே என்னை வேணாம்னுட்டான், நான் யாருக்காகடா நெஞ்சைக் கிழிச்சுக்கணும்" என்று தையல் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். உன் தம்பி கடையை விட்டு ரெடிமேட் கம்பெனிக்குப் போனதிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சமூகப்பணிப் படிப்பில் சண்டை தீர்த்துவைக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று போனில் சொன்னாயே, அதைக் கையில் எடுத்தேன். குறுக்கே பேசக் கூடாது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், நடுவில் நிற்பவன் சொந்தச் சரக்கைக் கலக்கக் கூடாது, அவ்வளவுதானே. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் உன் பேராசிரியர் பார்த்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அண்ணன் கீழே கடையில், உன் தம்பி மாடியில், நான் படிக்கட்டில். ஏறி இறங்கி என் கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது, தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "அவன் போனதுகூடப் பரவாயில்லடா, ஒரு வார்த்தை சொல்லாம போனான் பாரு" என்றார் அண்ணன். மேலே போய் அதையே சொன்னேன். அவன் ஜன்னலையே வெறித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் காஜா எடுத்தேன், பட்டன் தைச்சேன் சித்தப்பா, ஒரு சட்டையாவது வெட்ட விட்டாரா" என்றான். கீழே வந்து அதையும் சொன்னேன், சொல்லும்போது பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான் என்றேன். அண்ணன் மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நிமிர்ந்தபோது, "அடுத்தவங்க துணிடா, கெட்டுப்போயிடுமோன்னு பயந்தேன், அவன் வேணாம்னு இல்ல" என்றார். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு அவனையே கூட வரச் சொல்லு" என்றார். நேற்றுச் சேர்த்துவிட்டோம். பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் அண்ணன் கையிலிருந்த பையை உன் தம்பி வாங்கிக்கொண்டான், அவரும் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வராதே, நான் இருக்கிறேன். படித்து நாலு குடும்பத்துக்கு நல்லது செய், மகராசியாக இரு. அப்பாவிடம் போனில் பேசும்போது மட்டும் தம்பி அழுத கதையை எடுக்காதே, அவனிடமும் கேட்டுவைக்காதே. அது நானாகச் சேர்த்தது. அவன் அழவில்லை. அழுதவர் உன் அப்பாதான்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
சித்தப்பா