கடைசி அத்தியாயத்தில் நல்லவன்

1961 ஜூன் 28, புதன்

எதிர்வீட்டுச் சரசக்கா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த தொடர்கதையை இன்று முடித்தேன். ஏமாற்றம்தான். ஒருத்திக்கு அவசரக் கல்யாணம். கணவனின் முதல் மனைவி எப்படி இறந்தாள் என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பூட்டிய மாடியறை, காலடிச் சத்தம் எல்லாம் உண்டு. அதுவரை கீழே வைக்காமல் படித்தேன். கடைசியில் கொன்றவன் சமையற்காரனாம். கணவன் சொக்கத் தங்கமாம். சந்தேகப்பட்டதற்காக அவள் அவன் காலில் விழுந்து அழுகிறாள்.

மத்தியானம் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பேசி முடித்திருக்கும் வரனைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"நத்தத்து மாப்பிள்ளையோட மொத சம்சாரம் எப்படிம்மா செத்துச்சு?"

"கெணத்துல தவறி விழுந்துருச்சாம்."

"தண்ணி எடுக்கப் போயா?"

"எனக்கென்னடி தெரியும்? அம்புட்டையும் தோண்டித் துருவிக்கிட்டா இருப்பாக? ஆடி பொறக்குறதுக்குள்ள முடிச்சாகணும்னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கூறைப்புடவையும் எடுத்தாச்சு. கதயப் படிச்சுப் படிச்சு ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு காயையும் பிளந்து, சொத்தை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துத்தான் தண்ணீரில் போட்டாள்.

கதை எப்படி என்று சரசக்கா நாளை கேட்பாள். நன்றாக இருந்தது என்று சொல்ல வாய் வராது. கதைக்காரர் பயந்துவிட்டார். பழியைப் போட அவருக்கு ஒரு சமையற்காரன் கிடைத்தான்.

நத்தத்து வீட்டில் சமையலுக்கு ஆள் இல்லையாம். அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான்.