சுண்ணாம்பு வட்டங்கள்

அன்பு மகள் வெண்மதிக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் ஆடுகளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், தன்பாத் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் உடனே ரயிலேறிவிடுவாய் என்றுதான் கல்லோடு எழுதி வைக்கிறேன்.

உன் பாறைப் படிப்புக்கு நீ கேட்ட ஏழு கல்லும் இந்தப் பார்சலில் இருக்கிறது. ஓடையோரத்து வெள்ளை வெங்கச்சாங்கல், காக்காப்பொன் மின்னும் கல், கரட்டு உச்சியில் பெயர்த்த கறுப்புக் கல் என்று ஆடு மேய்த்துக்கொண்டே எடுத்தேன். கோடையில் நீ வரும்போது இடம் தெரிய வேண்டும் என்றாயே, பொங்கலுக்கு வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பில் அங்கங்கே வட்டம் போட்டு உள்ளே எண் எழுதினேன். அதுதான் வினையாகிவிட்டது. பக்கத்து மலைக்குக் குவாரி வந்தபோதும் முதலில் வந்தது வட்டம்தான், அப்புறம் வெடி, தனகோட்டி வீட்டுச் சுவர் பிளந்தது, கேட்கப் போனவர்கள் மேலேயே வழக்கும் போட்டார்கள். ரேஷன் வரிசையில் தனகோட்டி, இன்னா வள்ளி, மலைக்குப் பொட்டு வெச்சிட்டியாமே, தாலி எப்போ கட்றானுங்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து, பொண்ணு படிப்புக்குடி என்றேன். யாரும் நம்பவில்லை.

செவ்வாயன்று குவாரி ஆட்களோடு ஒரு ஜீப் வந்தது. நான் பெயர்த்த இடத்தில் கல்லின் உள்நிறம் தெரிகிறதல்லவா, வேறெங்கும் தேடாமல் வட்டத்துக்கு வட்டம் நேராகப் போனார்கள். ஒருவன் என்னிடம், நீங்க போட்ட குறியாம்மா, எங்க வேலைய பாதி முடிச்சிட்டீங்க என்றான். அவ்வளவு மரியாதையாகப் பேசினான், அதனால்தான் எனக்கு நம்பிக்கையில்லை. உன் நைனா தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டால், குவாரிக்குன்னு மனுவே வரலியே, எந்த மலைன்னு எழுதிக் குடுங்க என்று இவரிடமே எழுதி வாங்கிக்கொண்டார்கள். சம்பளம் அரசாங்கம் தருகிறது, விசுவாசம் வேறு யாருக்கோ. இப்போது பால் ஊற்றுமிடத்துக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

நேற்று தேங்காய் நாரால் என் சுண்ணாம்பையெல்லாம் தேய்த்து அழித்தேன். பக்கத்தில் அதே எண்களைச் சிவப்புப் பெயிண்டில் போட்டிருக்கிறார்கள், அது போகவில்லை. நான் ஏழோடு நிறுத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்பக்கம் ஆடு கட்டும் பாறையில் அதே சிவப்பில் எட்டு என்று இருக்கிறது.

அமாவாசையன்று ஊர்க் கூட்டம். இடத்துக்கு அடையாளம் கேட்டது நீதான் என்று போனில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல். தனியாகக் கிளம்பி வராதே. வேளைக்குச் சாப்பிடு, ஆயுசோடும் அறிவோடும் இரு. உன் வாத்தியார் கேட்டாலும் இந்தக் கற்கள் மேல் நம் ஊர்ப் பெயரை எழுதாதே.

உன் அம்மா,
வள்ளியம்மாள்