படுக்கவைத்த கதவுகள்

மார்ச் 4

நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். "கட்டடம் வரையத் தெரிஞ்ச ஆளை வீட்டுலயே வச்சிக்கிட்டு நான் எதுக்கு அந்தக் கரடியைச் சகிச்சுக்கணும்?" என்றார், செருப்பைக் கழற்றும்போதே.

விஷயம் இதுதான். கிராமத்தில் அவர் நடத்தும் குழந்தைகள் காப்பகம் ஒரு பழைய தானியக் கிடங்கில் இருக்கிறது. கூரை ஒழுகும். போன மழையில் தூங்குகிற பிள்ளைகளைப் பாயோடு இழுத்து இழுத்து இடம் மாற்றியிருக்கிறார். இப்போது ஊர்க்குழு புதுக் கட்டடம் கட்டித்தரச் சம்மதித்துவிட்டது. கான்ட்ராக்டர் படமும் கொடுத்துவிட்டார்: நாலு சுவர், சுவர் முழுக்கப் பலூன் பிடித்த கரடிகள். ஏப்ரல் கூட்டத்தில் இதைவிட நல்லதாக ஒன்றைக் காட்டினால் உண்டு. இல்லாவிட்டால் கரடிதான்.

சரி என்றேன். என்னால் முடியுமா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இந்தத் திமிர் இல்லாமல் இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் ஓட்டியிருக்க முடியாது.

மார்ச் 9

ஊருக்குப் போய்த் தெருத்தெருவாகச் சுற்றினேன். எல்லா வீடும் ஒரே மாதிரி சிமெண்ட் வீடுகள். ஆனால் பழைய வீடுகளின் வாசலில் ஒரு வேடிக்கை: கதவு குட்டை, நிலை உயரம். நடுவில் பலகை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். வளர்ந்தவனுக்குச் சட்டை பத்தாமல் துணி வைத்துத் தைத்த மாதிரி.

ஏன் என்று நாத்தனாரிடம் கேட்டேன். முன்பு ஊர் கீழே ஆற்றங்கரையில் இருந்ததாம். ஒரு பெருவெள்ளத்தில் மொத்தமும் போக, மேட்டில் வந்து புதிதாகக் கட்டிக்கொண்டார்களாம். வரும்போது கதவுகளைக் கொண்டுவந்துவிட்டார்களாம். "கதவை மட்டுமா?" "கதவை மட்டும்தான்." அவர் வாழ்க்கைப்பட்டு வந்தவர், அதற்குமேல் தெரியவில்லை.

வீட்டை விட்டுவிட்டுக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்த ஊர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது பாதி வீடுகளில் இரும்புக் கதவு வந்துவிட்டது. பழையவை கொல்லையில் சாய்ந்து கிடக்கின்றன. அத்தனையையும் வாங்கிக் காப்பகத்துக்குச் சுவராக நிறுத்தப்போகிறேன். கதவுகளாலேயே ஒரு சுவர்.

கரடியே, மூட்டை கட்டு.

மார்ச் 10

வரைந்தேன். சமையல் என் கணவர். உப்பு அதிகம், தயிரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

மார்ச் 21

கேட்ட வீட்டிலெல்லாம் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். "பிள்ளைங்களுக்குத்தானே, எடுத்துக்கங்க." இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நல்ல கெட்டி மரம், இழைத்ததும் நிறம் எழுந்து வந்தது. ஒவ்வொரு கதவிலும் நாலு மூலையிலும் விரல் நுழையும் அளவுக்குத் துளை. பழைய காலத்துக் கீல் வேலை ஏதாவது இருக்கும். எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள் என்று தச்சரிடம் சொன்னேன்.

ஒரே ஒரு ஆள்தான் கொடுக்கவில்லை: ஊருக்குப் பால் ஊற்றும் அம்மா. அவர் கதவு கொல்லைச் சுவரைப் பார்த்தபடி, மேலே சாக்குப் போர்த்தி நிற்கிறது. "எங்க கதவு பிள்ளைங்களுக்கு ஆகாதும்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

போகட்டும். ஒரு கதவு குறைந்தால் சுவர் விழுந்துவிடாது.

ஏப்ரல் 2

எழுதவே கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

கூட்டத்தில் மாதிரியைக் கொண்டுபோய் வைத்தேன். நன்றாகத்தான் பேசினேன், எனக்குப் பேச வரும். முடித்ததும் கைதட்டல் இல்லை. கடைசியில் குழுவில் இருந்த பஸ் டிரைவர் கேட்டார்: "எல்லாம் சரிதாங்க. கதவை ஏன் நிக்க வச்சிருக்கீங்க?"

கதவு நிற்காமல் பின்னே என்ன செய்யும் என்றேன். அப்புறம்தான் ஆளுக்கொரு பக்கமாக ஆரம்பித்தார்கள். வெள்ளம் வந்தபோது ஊரில் படகு இல்லை. கதவுகளைக் கழற்றி, மூலைக்கு மூலை ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, பிள்ளைகளை அதில் படுக்கவைத்து, பெரியவர்கள் கழுத்தளவு தண்ணீரில் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்திருக்கிறார்கள். அந்த அறையில் இருந்த பாதிப் பேர் அப்படி வந்தவர்கள், மீதிப் பேர் அவர்கள் பெற்றவர்கள்.

"இது தெரிஞ்சுதானே கதவு கேட்டீங்க?" என்றார் ஒருவர், உண்மையாகவே புரியாமல். "பிள்ளைங்க படுக்கன்னு நினைச்சுல்ல கொடுத்தோம்."

கொடுத்தவர்களில் ஒருத்தரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த ஓட்டைகளைத்தான் மாவு வைத்து அடைத்திருக்கிறேன். அசடு வழிந்தது. கான்ட்ராக்டர் கரடிப் படத்தை மெல்ல மேசையில் விரித்தார்.

ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே கொஞ்சம் அதட்டலாகத்தான் இருந்தது. கொடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 3

இவர் ஆறுதல் சொல்ல வந்தார். "விடு, தெரியாமதானே செஞ்ச?" தெரியாம செஞ்சதுதான் தப்பே! தெரிஞ்சுக்கறதுதானே என் வேலை? படம் மட்டும் போடறதுக்கு நான் எதுக்கு? கரடியே போதுமே — இப்படிக் கத்திவிட்டு, அவர் போட்ட காபியைக் குடித்தேன்.

குடித்து முடித்தபோது ஒன்று தெளிந்தது. கதவு சரி. நிற்பதுதான் தப்பு.

ஏப்ரல் 5

சுவர் போயிற்று. தூங்கும் அறை வந்தது. கதவுகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வரிசையாகக் கிடக்கும். ஒரு கதவுக்கு இரண்டு பிள்ளைகள், மேலே மெத்தை. தச்சர் அடைத்த துளைகளையெல்லாம் திரும்பக் குடைகிறார். என்னைத் திட்டிக்கொண்டேதான், ஆனால் முணுமுணுப்பாக.

நாத்தனார் பார்த்தார். "சுத்தி விளிம்பு வை. தூக்கத்துல உருண்டு விழுவாங்க."

ஒரு சாண் உயரம்தானே, விழுந்தாலும் என்ன ஆகிவிடும்? விளிம்பு வைத்தால் அது கதவு இல்லை, தட்டு. மாட்டேன் என்றேன். அழகே அந்தச் சமதளம்தான் என்றேன்.

"உன் அழகு உருண்டு விழாதும்மா. பிள்ளைங்க விழும்."

போன் பேசும் சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8

இந்தத் தடவை கேட்டேன். பால் ஊற்றும் அம்மா வீட்டுக்குப் போய், கேன்களைக் கழுவி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, உங்கள் கதவு ஏன் ஆகாது என்று கேட்டேன்.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். இவர் பிறப்பதற்கு முன்பு. கைக்குழந்தை. அந்தக் கதவில்தான் படுக்கவைத்து இழுத்து வந்திருக்கிறார்கள். முன்னால் அப்பாவும் அம்மாவும் கயிற்றைப் பிடித்து. பாதி வழியில் புரண்டு விழுந்துவிட்டான்.

"மத்த பிள்ளைங்க எல்லாம் ஒரே அழுகை. அவன் நல்லாத் தூங்கிட்டிருந்தானாம். அழவே இல்ல. அதான் யாரும் திரும்பிப் பாக்கல."

கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்கம்மா அந்தக் கதவை மாட்டவும் விடல, விறகுக்கும் விடல" என்றார்.

நான் கதவைக் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலை மூடிவிட்டார், தூசி என்று நினைத்திருப்பார்.

வந்ததும் வரைந்தேன். எல்லாக் கதவுக்கும், நாலு பக்கமும், நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னேன். "ம்" என்றார். சொல்லிக் காட்டாமல் அவர் விட்டது இதுவே முதல் தடவை.

ஏப்ரல் 10

கரடி தோற்றது. கட்டுவது என்னவோ அதே கான்ட்ராக்டர்தான். "கழிப்பறையிலயாவது ஒண்ணு போட்டுக்கறேனே" என்று கெஞ்சினார். பலூன் இல்லாமல் என்றால் சரி என்றேன்.

ஜூன் 17

சிமெண்ட், தூசி, சண்டை. நன்றாகப் போகிறது.

செப்டம்பர் 1

மழை பிடித்துக்கொண்டது. புதுக் கூரை ஒழுகவில்லை. நானே போய் ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்த்தேன்.

செப்டம்பர் 3

திறந்தாயிற்று. பிள்ளைகளுக்குக் கட்டடம் பிடித்ததா தெரியவில்லை. கழிப்பறைக் கரடி மிகவும் பிடித்திருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல்.

மதியம், பிள்ளைகளைப் படுக்கவைக்கும் நேரத்தில், பால் ஊற்றும் அம்மா வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து ஒரு கதவருகே குந்தி, விளிம்பைக் கையால் தடவினார். நாலு பக்கமும், சுற்றி வந்து. கெட்டியாக இருக்கிறதா என்று ஆட்டியும் பார்த்தார். எழுந்து போனார்.

செப்டம்பர் 4

பால் வண்டியில் கேன்களுக்குப் பதில் கதவு வந்தது. விளிம்பு வைக்கத் தச்சருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 20

ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிபார்க்கும் சாக்கில் போயிருந்தேன். தூங்கும் நேரம். அந்தக் கதவில் இரண்டு பிள்ளைகள், ஒன்றின் கால் மற்றதன் வயிற்றில். பக்கத்தில் தரையில் பால் ஊற்றும் அம்மா உட்கார்ந்திருந்தார். மதியப் பாலை ஊற்றிவிட்டுத் தினமும் வந்துவிடுகிறாராம், பிள்ளைகள் எழும்வரை இருக்கிறாராம்.

"எல்லாம் நல்லாத் தூங்குது. யாரும் அழலயே, நீங்க போய்ப் படுங்களேன்" என்றேன் மெதுவாக.

அவர் கண்ணை எடுக்கவில்லை.

"அழாத பிள்ளையையும் பாக்கணும்ல?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.