முட்டுக்காட்டில் நின்ற எஞ்சின்

மச்சான்,

நேற்று காலை பெருங்களத்தூரில் பச்சை விழுந்ததும் என் பக்கத்தில் நின்ற கால் டாக்சி கிளம்பியது. டிரைவர் கொஞ்சம் அழுத்தி மிதித்தார் போலிருக்கிறது. எஞ்சின் சத்தத்துக்கு அடியிலிருந்து மெல்லிய விசில் ஒன்று எழுந்து, அவர் காலை எடுத்ததும் அடங்கியது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் நான் ஸ்கூட்டரை நகர்த்தினேன். இப்போது வாடகைக் காரில்கூட டர்போ இருக்கிறது. ஒரு காலத்தில் தாம்பரத்திலேயே அந்த விசில் கேட்ட இடம் உன் பட்டறை ஒன்றுதான் என்று நாம் பெருமையடித்துக்கொண்டோம்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்கிற தைரியம்தான் காரணம் என்று எனக்கே தெரிகிறது.

அந்த விசில் கேட்ட காரைக் கண்டுபிடித்தது நான். அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு, எது எப்படி உடைந்தது, என்ன காரணம் என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக்கொடுக்கும் சர்வேயர் வேலை எனக்கு. பல்லாவரத்தில் ஒரு பழைய பங்களாவுக்கு வேறொரு வண்டியைப் பார்க்கப் போன இடத்தில், பின்பக்கம் அது கிடந்தது. அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. மேலே மூட இருந்த துணி என்றோ மக்கிப் போயிருந்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டாருக்கு அதை அப்புறப்படுத்தினால் போதும். குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து, சேலையூரில் உன் பட்டறைக்கு இழுத்துவந்தேன்.

நீ அதை இரண்டு முறை சுற்றிவந்தாய். எஞ்சினிலிருந்து ஆயில் பார்க்கும் குச்சியை உருவி மூக்கருகே வைத்துப் பார்த்தாய். "இது தேறாது மச்சான். உள்ள துருதான் கீது," என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "பாடி நல்லாருக்கு. வேற எஞ்சின் வச்சா பறக்கும்," என்றாய். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு பேரும் விழுந்தோம்.

புதுப்பேட்டையில், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பழைய எஞ்சின்கள் குவிந்து கிடந்த கடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினாய். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாய். கடைசியில் ஒன்றின் மேல் கையை வைத்து, இதுதான் என்றாய். மூன்று சிலிண்டர், ஆயிரம் சிசி. பக்கவாட்டில் நத்தை ஓடுபோல் டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்தாலேயே சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற கருவி. நீ அதுவரை லாரி எஞ்சின்களில்தான் அதைக் கண்டிருந்தாய். கையடக்கமாக ஒன்றைப் பார்த்ததும் துடைத்துத் துடைத்து வைத்தாய்.

வண்டியை உருவாக்க ஏழு மாதம் ஆயிற்று. சர்ச்சிலிருந்து வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையில் இறங்குவாய். ஜப்பான் எஞ்சினும் இங்கிலாந்து கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று பொருந்தாது. இடையில் வைக்க ஒரு தகடு வேண்டும். அதை லேத்தில் மூன்று முறை கடைந்தாய், மூன்றாவதுதான் சரியாக உட்கார்ந்தது. எஞ்சின் உயரம் அதிகம் என்பதால் பானெட் மூடவில்லை. பானெட்டில் ஒரு மேடு தட்டி எழுப்பினோம். உன் ஸ்டெல்லா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "கூன் போட்ட மாதிரி இருக்குண்ணா," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

எஞ்சினை முழுக்கப் பிரித்து நீ ஒருவனே பூட்டினாய். என்னைத் தொடவிடவில்லை. டர்போ திணிக்கிற காற்று ஓர் அளவுக்கு மேல் போகாமலிருக்க அதில் ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தக் கதவை இயக்கும் கம்பியை மரை போட்டு நீயே செய்தாய். கம்பியைச் சுற்றிச் சுற்றி நீளம் குறைத்தால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் ஏறும், வேகமும் ஏறும். நீ அதை இருப்பதிலேயே குறைந்த அழுத்தத்தில் வைத்துப் பூட்டு நட்டை இறுக்கினாய். "ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்."

வண்டி ஓடியது. மேடவாக்கம் சாலையில் முதல்முறையாக அந்த விசிலைக் கேட்டபோது நீ வாய்விட்டுச் சிரித்ததை நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் புதிதாகப் போட்டிருந்த சமயம் அது. ஒரு நாள் நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். என் அலுவலகத்துக்கு வந்துபோகிற ஒருவர், புது வெளிநாட்டுக் கார் வைத்திருந்தவர், என்னைத் தாண்டிப் போய் நிறுத்தினார். "என்ன சார், கோழிக்கூண்டுல டர்போன்னு சொன்னீங்க, கூண்டு மட்டும்தான் வருது," என்றார். கோழி கதையை எல்லோரிடமும் சொல்லி வைத்தவன் நான்தான். எனக்குச் சுருக்கென்றது. அன்றே உன்னிடம் வந்து அழுத்தத்தை ஏற்றச் சொன்னேன்.

"வேணாம் மச்சான். இந்த பிஸ்டன் தாங்காது. ஏத்துறதா இருந்தா பெட்ரோலும் கூடப் போகணும், அதுக்கு வேற வேலை கீது. கேக்குறதையெல்லாம் குடுத்துடக் கூடாது."

நான் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீ ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாய். பட்டறைச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருந்தது. நீ கொடுத்தது. உள்ளே போய், பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை. எடுத்துக்கொண்டு மேடவாக்கம்வரை போய்வந்தேன். அது வேறு வண்டி, மச்சான். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை பார் என்று உன்னிடம் சொல்லி உன்னை மடக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நீ வண்டியை எடுக்கப்போவதை மறந்துபோயிருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. துரைப்பாக்கத்தில் ஒருவர் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே பட்டறை தொடங்கப்போகிறார், அதை உன் பொறுப்பில் விடுவதாக இருக்கிறார், உன் வேலையைப் பார்க்கக் கோவளத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார் என்று நீ ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் அவரோடு அவர் காரில் முன்னால் போய்க் கோவளத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு.

காலையில் பட்டறை வாசலில் பார்த்தேன். தேய்த்த சட்டை போட்டிருந்தாய். வெற்று டேங்கில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே, "அவரு முன்னால எத்தினி ஸ்பீடு ஏத்தலாம்? நாலாவது கியர்ல ஒரு தபா முழுசா மிதிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். பத்து நிமிடத்தில் நீ கம்பியைப் பழையபடி வைத்திருப்பாய். என்னைத் திட்டியிருப்பாய். அந்தத் திட்டுக்குப் பயந்து, "ஒரே ஒரு தபாதானே, மிதி," என்றேன்.

கோவளம் பஸ் நிறுத்தத்தில் நானும் அவரும் டீ குடித்தோம். இரண்டாவது டீயும் முடிந்தது. நீ வரவில்லை. மீன் கூடைகளோடு வந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர், முட்டுக்காடு பாலத்துக்கு அப்பால் ஒரு சின்னக் கார் சவுக்கு மரத்தில் மோதிக் கிடப்பதாகச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உன்னை வெளியே எடுத்துச் சாலையோரம் கிடத்தியிருந்தார்கள். எடுத்தது மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள். அதில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "இன்னாயா பாத்துகினு நிக்கிற, காலப் புடி," என்று அதட்டினாள். நான் காலைப் பிடித்தேன். வண்டியின் அடியிலிருந்து பின்பக்கச் சாலை நெடுக ஆயில். பிஸ்டனில் ஓட்டை விழுந்து, எஞ்சின் வெடித்து, கக்கிய ஆயிலிலேயே பின்சக்கரம் வழுக்கியிருக்கிறது. என் தொழில் அது. ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

உனக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. ஆபரேஷன் முடிந்து உனக்கு நினைவு திரும்புமுன், நான் ஒரு காரியம் செய்தேன். இழுத்துவந்து பட்டறையில் போட்டிருந்த வண்டியின் பானெட்டை நெம்பித் திறந்து, அந்தக் கம்பியை மூன்று சுற்றுப் பின்னால் சுற்றி, நீ வைத்த இடத்திலேயே வைத்தேன். கம்பியைத் திருகியதைக்கூட என் வாலிபத் திமிர் என்று சொல்லிவிடலாம். பின்னால் சுற்றியதற்கு என்னிடம் பெயர் இல்லை.

மூன்றாம் நாள் நீ பேசினாய். ஸ்டெல்லா உங்கள் ஐந்து வயது ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே இருந்தாள். "மச்சான், உன் வண்டியக் கெடுத்துட்டேன். எங்கயோ தப்பாப் பூட்டிட்டேன். மன்னிச்சுக்க," என்றாய்.

நான், "பரவால்ல விடு. வண்டிதானே," என்றேன்.

உன் கண்ணில் நீர் வந்தது. என் பெருந்தன்மைக்காக. ஸ்டெல்லாகூட என்னை நன்றியோடு பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு பட்டறைக்குப் போய், இடது கையாலேயே அந்த எஞ்சினைப் பிரித்தாய். ஒவ்வொரு துண்டாகத் துடைத்து வரிசையாகப் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாய். கம்பியை அளந்தாய். அது சரியாக இருந்தது. "அழுத்தம் ஏறல. அப்ப பூட்டுனதுலதான் தப்பு," என்றாய். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

துரைப்பாக்கத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனாலும், உட்கார்ந்து சொல்லிச் செய்யவைக்க உன்னால் முடிந்திருக்கும். லாரிக்காரர்கள் வந்து கூப்பிடவும் செய்தார்கள். நீதான் போகவில்லை. "என் வேலைய நானே நம்ப மாட்டேன், இன்னொருத்தன் உயிர எப்படி வக்கிறது?" என்று பட்டறையை மூடினாய். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, பதினெட்டு வருடம் கையுறையும் போல்ட்டும் எடுத்துக்கொடுத்தாய். மின்சார ரயிலில் உன்னைப் பார்த்த நாட்களில் நான் அடுத்த பெட்டிக்கு மாறியிருக்கிறேன்.

ஆனாலும் நீ விடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு என் வீட்டுக்கு வருவாய். பேச்சு எங்கெங்கோ போய், எப்படியாவது அங்கே வந்துவிடும். "எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் பிடிபடல மச்சான்."

"பழைய எஞ்சின். உள்ள கீறல் இருந்திருக்கும்," என்பேன்.

"இல்ல. நான் பாத்தேனே," என்பாய்.

ஜெனி மெக்கானிக்கல் படிக்கப் போகிறேன் என்றபோது நீ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஸ்டெல்லா சொன்னாள். நம்ம கைக்கு அது ஆகாது என்றாயாம். அவள் உன் பேச்சைக் கேட்காமல் படித்ததுதான் நல்லதாயிற்று.

சாகிறதற்குப் பத்து நாள் முன்பு ஒரு மத்தியானம் முழுக்க உன் கட்டிலருகே இருந்தேன். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, இனி அதிக நாளில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டெல்லா மருந்து வாங்கப் போயிருந்தாள். இருவர் மட்டும் மூன்று மணி நேரம். சொல்லத்தான் வந்தேன். நாம் கிரிக்கெட் பேசினோம். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நீ ஒருத்தன்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லல," என்றாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபின் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கம்பியைத் திருகியதையும், திருப்பி வைத்ததையும். அவள் கேட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை.

"வருஷா வருஷம் அவரு உங்ககிட்ட வந்து கேட்டாரே அண்ணா. அப்ப நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? ஜெனிகிட்ட சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. அவ அப்பா தப்புப் பண்ணலன்னு அவளுக்காவது தெரியட்டும்."

உள்ளே போய் ஜெனியை அழைத்துவந்து என் எதிரே உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டாள். ஜெனி இப்போது ஒரு கார் கம்பெனியில் எஞ்சின் பிரிவில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். உன்னைப் போலவே எதையும் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. நான் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு சுத்து. பெட்ரோல் கூட்டாம," என்றாள். "நீங்க எடுத்துக்கிட்டுப் போனப்பவே மேடவாக்கத்துக்குள்ள எஞ்சின் போயிருக்கணும் அங்கிள். மறுநாள் முட்டுக்காடு வரைக்கும் தாங்கியிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அப்பா அவ்வளவு நல்லாப் பூட்டியிருக்கார்," என்றாள்.

பிறகு எழுந்து வாசல் விளக்கைப் போட்டாள். நான் போகலாம் என்று அர்த்தம். அன்றிலிருந்து அவளும் பேசவில்லை, ஸ்டெல்லாவும் பேசவில்லை. பேசும்படி நான் கேட்கவும் மாட்டேன்.

நீ இருபத்தைந்து வருடம் என்னிடம் கேட்டதற்கு ஜெனி ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டாள். அது உன் காதில் விழ வேண்டிய வாக்கியம். என் காதில் விழுந்தது. உன்னிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லாமல் நான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.