குடிக்க ஊற்றிய தண்ணீர்

இன்று காலையில் புளி போட்டு உங்கள் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் நசுங்கிய இடத்தில் மட்டும் களிம்பு விடவே மாட்டேன் என்கிறது. புளியும் பித்தளையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. செத்துப்போன புருஷன் மேல் கோபப்படுவது பாவமாம். இருக்கட்டும், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்றுச் சவரிமுத்து வந்து போனதிலிருந்தே மனசு சரியில்லை. உங்களிடம் ஞானப்பாடம் படித்தவன்தான், இப்போது நம் கடற்கரை ஊர்க் கோயிலுக்கு அவன்தான் உபதேசியார். அவன் எதற்கு வந்தான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பழையதைப் பேசித் தீர்த்தாக வேண்டும்.

நீங்கள் உபதேசியாராக இருந்தபோது சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்தான் வருவார். மணி அடிப்பது, செபமாலை சொல்வது, செத்தவர்களை அடக்குவது எல்லாம் உங்கள் தலையில். சாகக் கிடக்கிறவர்களுக்கு அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் உங்கள் வேலைதான். அதை நம் சனம் ஞானஸ்நானம் என்றா சொல்லும்? 'தண்ணி ஊத்துறது' என்றுதான் சொல்லும். பாழாய்ப்போன அந்தச் சொல்தான் நம் குடியைக் கெடுத்தது.

எதற்கெடுத்தாலும் உங்களுக்கு ஒரே பேச்சு. "நாம வேதக்காரங்க புள்ள. நம்மளப் பாத்துத்தான் வேதம் எப்படின்னு அடுத்தவன் தெரிஞ்சுக்கிருவான்." கடைக்காரனிடம் பேரம் பேசினால் அந்தப் பேச்சு, பக்கத்து வீட்டுக்காரியோடு நான் சண்டை போட்டால் அந்தப் பேச்சு. "ஊரே நம்ம வீட்டு ஓலைச் சந்துக்குள்ளயா எட்டிப் பாக்குது?" என்று கேட்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

கண்மாய் வற்றி ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வயல் வேலை இல்லாமல் போன வருஷம், கருப்பையாவும் அவன் பெண்டாட்டி இருளாயியும் கருவாடு சுமக்க நம் கரைக்கு வந்தார்கள். கருவாட்டுக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டார்கள். வந்த கொஞ்ச நாளில் அவளுக்கு வாந்திபேதி கண்டது. சனம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. நீங்கள்தான் இந்தச் செம்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தீர்கள். நான் கஞ்சித் தண்ணீரை வாசல் வரை கொண்டுவந்து வைப்பேன். நீங்கள் அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, மடக்கு மடக்காக வாயில் ஊற்றுவீர்கள். வாந்தியை உங்கள் துண்டால் துடைத்தீர்கள். நமக்கும் தொற்றினால் என்ன கதி என்று பயந்தேன். ஆனாலும் அன்றைக்கு உங்களைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. இப்போதுதான் சொல்கிறேன்.

அவள் கண் மூடியதும், மற்றவர்களுக்காவது மருந்து வேண்டும் என்று திருவாடானை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு ஊர்த் தலைவர் மூக்கில் துணியைப் பொத்திக்கொண்டு வந்து எட்ட நின்று கருப்பையாவைக் கேட்டார்.

"ஏலே, உபதேசியார் தண்ணி ஊத்துனாரா?"

"ஊத்துனாரு சாமி. கடைசி வரைக்கும் அவருதான் ஊத்துனாரு."

வேறு என்ன சொல்வான் அந்த மனிதன்? அவனுக்குத் தெரிந்த தண்ணீர் குடிக்கிற தண்ணீர்தான். ஊருக்கோ ஒரே சந்தோஷம், ஓர் ஆத்துமம் மோட்சத்துக்குப் போய்விட்டது என்று. கோயில் மணி அடித்தார்கள். மந்திரித்த மண்ணிலே, ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு மட்டுமே இடமுள்ள நம் கல்லறைத் தோட்டத்திலே அவளை அடக்கினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் மருந்தோடு திரும்பி வந்தபோது வழியெல்லாம் உங்களைக் கும்பிட்டார்கள். விஷயம் தெரிந்து வீட்டுக்குள் வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"நான் ஞானஸ்நானம் கொடுக்கலையே புள்ள. அவ கேக்கவே இல்லையே."

"நீங்களாக் கொடுத்திருக்க வேண்டியதுதானே?"

"தாகத்துல தவிச்சவளுக்குத் தண்ணியக் காட்டி வேதத்துல சேத்துட்டான்னு நாளைக்கு எவனும் சொல்லிறக் கூடாது."

உங்கள் காலைப் பிடித்தேன். யாரும் கேட்டால் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், யார் போய்க் கல்லறையைத் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று அழுதேன். நீங்கள் மாட்டேன் என்று தலையை ஆட்டினீர்கள். ஆத்திரத்தில் செம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அந்த நசுங்கல் அன்றைக்கு விழுந்ததுதான்.

மறுநாள் பூசையில் சாமியார் உங்களைப் புகழ்ந்து பேசினார். எல்லாருக்கும் முன்மாதிரி என்றார். பேசிவிட்டுச் சும்மா போயிருக்கக்கூடாதா?

"ஞானஸ்நானத்துக்கு என்ன பேரு வச்சீரு உபதேசியாரே?"

எழுந்து நின்றீர்கள். "பேரு வைக்கல சாமி. அவ இருளாயிதான்."

"தண்ணி ஊத்துனீராமே?"

"குடிக்க ஊத்துனேன் சாமி."

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்த நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே அவளை வெளியே எடுக்கச் சொன்னார்கள். தொடுவதற்கு ஊரில் ஒருவரும் வரவில்லை. நீங்களும் கருப்பையாவும்தான் தோண்டினீர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம், உடைமரக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் புதைத்தீர்கள். "பொழைக்கத்தான் ஊரு விட்டு ஊரு வந்தோம். செத்த பெறகும் எடம் மாறணுமா சாமி?" என்று அவன் உங்களைப் பார்த்துக் கேட்டான். நீங்கள் குழிக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தீர்கள்.

உபதேசியார் வேலை போயிற்று. கோயில் கொடுத்த வீடும் போயிற்று. நேற்றுவரை கும்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செபமாலை பிடித்த கையோடு பாம்பன் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமக்கப் போனீர்கள். அங்கேதான் இருமல் பிடித்தது. அப்போதும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் முழந்தாள் போட்டீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். யார் பார்ப்பதற்காக இந்த மனிதர் இன்னும் இப்படி நடக்கிறார் என்று கேட்டுக்கொள்வேன். பார்த்தவர்கள்தான் துரத்திவிட்டார்களே! இருமி இருமிச் செத்தீர்கள். பெட்டியைத் தூக்கக் காளவாய்க்காரர்கள்தான் வந்தார்கள்.

இனிச் சவரிமுத்து கதைக்கு வருகிறேன். கோயில் முற்றத்தில் மாதாவுக்குப் புதிதாகக் குகை மாதிரி ஒரு கெபி கட்டுகிறார்களாம். அதில் பதிக்கும் கல்லில் உங்கள் பேரை வெட்ட வேண்டும் என்று இவன்தான் பேசியிருக்கிறான். அன்றைய பெரிய தலைகள் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்கு ஒரே ஓர் உறுத்தல்தானாம்.

"பெரியம்மா, அவரு ஞானஸ்நானம் கொடுத்தாரு, பேரு வைக்க மறந்த பயத்துலதான் குடிக்க ஊத்துனேன்னு சொல்லிட்டாரு. இம்புட்டையும் நீங்க வந்து சாமியார்ட்டச் சொன்னாப் போதும். கொட்டகை வாசல்ல நின்னவுக நீங்கதானே? நீங்க சொன்னா நம்பிருவாக."

நல்ல பையன். உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறான். எனக்கும் ஆசை இல்லாமலா? உங்களைத் துரத்திய ஊர் உங்கள் பேருக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றுவதை இந்தக் கண்ணால் பார்க்க எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறேன்! அன்றைக்கு உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்ட அதே ஒரு வார்த்தைதான். சாமியாரிடம் போவதற்கு முன்னால் அவனிடமே சொல்லிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தேன். ஆமாம் என்றுதான் சொல்லப் போனேன், சத்தியமாக.

"குடிக்கத்தான் ஊத்துனாரு ஐயா" என்று வந்தது.

அவன் வாரேன் பெரியம்மா என்று போய்விட்டான். கல்லில் உங்கள் பேர் வராது. செம்பைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உங்களைப் பார்த்து ஊரில் எவன் என்ன தெரிந்துகொண்டானோ எனக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஏமாந்தவள் நான் ஒருத்திதான். படுபாவி மனுஷா, எனக்கும் பொய் வராமல் செய்துவிட்டுப் போய்விட்டீர்களே.