செத்தபின் சிரிக்க வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹெங்டியன் படப்பிடிப்பு நகரிலிருந்து ஷாவ்சுவான் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம், இந்த மாதம் ஒன்பது முறைதான் செத்தேன்.

பிணமாக நடித்தவன் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்தால்தான் பீடை விலகும் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று நான் காட்சி முடியுமுன்பே சிரித்துவிட்டேன்.

"யோவ் பொணமே, அதுக்குள்ள என்னய்யா அவசரம்?" என்றார் இயக்குநர்.

மறுபடி செத்தேன். கண் திறந்தபோது கேமராவைத் தூக்கிப் போயிருந்தார்கள். என் சிரிப்பைப் பார்க்க ஆளில்லை.

அடுத்த திங்கட்கிழமை வசனமுள்ள வேடத்துக்குத் தேர்வு. பீடை இன்னும் ஒட்டியிருக்கிறதே என்று கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. தடித்த காலுறையும் கடுகுக்கீரை ஊறுகாயும் அனுப்புங்கள். இத்துடன் நான் சிரிக்கும் படம் ஒன்று வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் நீங்களாவது அதைப் பார்த்துவிடுங்கள்.

வண்டி வந்துவிட்டது, எட்டு மணிக்குச் சாக வேண்டும்.

உங்கள் மகன்,
ஷாவ்சுவான்