பழியெல்லாம் தூண் மேல்

அன்புள்ள மகனுக்கு அப்பாவின் ஆசிகள். வீட்டில் எல்லாரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதுவரைக்கும் அப்பா சொன்னது. சுத்தப் பொய். எழுதுவது நான், உன் தங்கச்சி. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நடுநடுவே என் சரக்கும் வரும். வாசித்துச் சரிபார்க்க அவர் கண் ஒத்துழைக்காது, அதனால் இப்போ முழு அதிகாரம் என் கையில்.

விஷயம் இதுதான் அண்ணா, அப்பாவை பஸ் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிட்டார்கள். டிப்போ வாசல் தூணில் மறுபடியும் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தார். கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறதாம், வலியே கிடையாதாம், நடுவைக் கடைசிக்கு விட்டுவைத்து முதலில் ஓரத்தைச் சாப்பிடுமாம். ஓரவஞ்சனை என்றால் இதுதான். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றும். டெஸ்டில் ஒரு டப்பாவுக்குள் முகத்தை வைத்து, பொட்டு வெளிச்சம் தெரியும்போது மட்டும் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நம்ம டிரைவர் ஐயா வெளிச்சம் வந்தாலும் வராவிட்டாலும் ஹாரன் அடிக்கிற மாதிரி அமுக்கித் தள்ளிவிட்டார். டெஸ்ட் எடுத்த அக்கா, ஐயா, நாங்க போடாத லைட்டெல்லாம்கூட உங்களுக்குத் தெரியுது, பெரிய பார்வைதான் என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து உட்கார வைத்தார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். எங்க வம்சத்துக்கே கழுகுக் கண்ணு என்று இவர் நெஞ்சை நிமிர்த்த, பக்கத்திலிருந்த அம்மா, உங்கப்பாவை எல்லாரும் இடிதாங்கின்னுதானே கூப்பிட்டாங்க, இடிக்காத நிலைப்படி உண்டா என்று போட்டு உடைத்தாள். தாத்தா ஒவ்வொரு தடவையும் தச்சனைத்தான் திட்டுவாராம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரே மரபணு செய்கிற வேலையில்லை, பெரும்பாலும் பல சேர்ந்து செய்யும், எல்லாருக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை, ஆனால் பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல், இரண்டு பேரையும் காட்டச் சொல்லுங்க என்றார். நான் காட்டிவிட்டேன், இப்போதைக்கு ஒன்றும் இல்லை, விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கணும். நீ பிறந்தபோது மூக்கு எங்க மூக்கு, கண்ணு எங்க கண்ணு என்று அத்தை பங்கு கேட்டார்களாம். இப்போ கண்ணு யாருது என்று கேட்டால் போனையே எடுப்பதில்லை.

அடுத்து உன் பவிசு. லாரி ஓட்டுகிறவன் கண்ணைக் காட்டினால் லைசென்ஸைப் பிடுங்கிக்குவாங்க என்று போனில் சொன்னாய். அட அறிவுக்கொழுந்தே, ஆபீசுக்குத் தெரியாமல் மறைக்கலாம், நரம்புக்குத் தெரியாமல் மறைப்பாயா. அதே மூச்சில் குடோனில் லாரியின் பக்கக் கண்ணாடி உடைந்த கதையையும் சொன்னாய், அந்தத் தூண் அங்கே இருந்திருக்கவே கூடாது என்றாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சிரிக்க ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டார். டிப்போ மேனேஜரிடம் அவர் சொன்னதும் அதே வார்த்தைதான். தாத்தாவுக்குத் தச்சன், அப்பாவுக்கு டிப்போ, உனக்கு குடோன். நம்ம குடும்பத்தில் கண் கெட்டாலும் சாக்கு கெடாமல் பிள்ளைக்கு வந்து சேருகிறது.

போனை வைத்ததும்தான், பேப்பர் எடு, எழுது என்றார். இனி அவர் சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். தம்பி, எங்கப்பாவைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு யாரும் எதுவும் சொல்லலை. உனக்கு நான் சொல்றேன். போய்க் கண்ணைக் காட்டு. தூணை அப்புறம் திட்டிக்கலாம். நிறைந்த ஆயுளோடும் நிறைந்த பார்வையோடும் நல்லா இரு. அப்பாவுக்கு இருக்கு, தாத்தாவுக்கும் இருந்திருக்கும்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு.

இப்படிக்கு,
அப்

அண்ணா, கையெழுத்து போடும் இடத்தை நான் காட்டுகிறேன் என்றேன், எனக்குத் தெரியும் போடி என்றார். பேப்பரின் ஓரம் முடிந்தது தெரியாமல் எழுதிக்கொண்டே போய்விட்டார். மிச்ச எழுத்து மேசைமேல் இருக்கிறது. அம்மா துணியோடு வந்தாள், நான் துடைக்க விடவில்லை. நீ கண்ணைக் காட்டிவிட்டு வந்து பார்க்கிறவரைக்கும் அது அங்கேயே இருக்கும்.